அக்காவின் ஏழெழுத்து வார்த்தைகள்

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் ஆங்கில இளையர் குழுவில் அதிக வார்த்தை தெரிந்தவள் என்று ஒரு வருடம் முழுக்க நான் பேர் வாங்கியிருந்தேன். அந்த வார்த்தைகளில் முக்கால்வாசி என்னுடையது இல்லை. என் அக்காவுடையது. அவளுக்கு ஆங்கிலம் பேச வராது.

இதை எழுத உட்காரும்போதுகூட என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள ஏதாவது ஒரு வாக்கியம் கிடைக்குமா என்று கை தேடுகிறது. கிடைக்காது. நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுவதுதான் எனக்கு மிச்சம்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார், ஏனென்றால் அது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. என் முறை வருவதற்குள், ஆங்கிலப் பள்ளியில் படித்தால்தான் இந்த ஊரில் வேலை என்று துறைமுகத்தில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். என்னைக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆங்கிலப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். படித்து முடித்து வெளியே வந்தபோது அவள் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட எந்த ஆபீஸிலும் ஆள் இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி மட்டும்தான் அவளைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது. நான் பள்ளியை முடித்ததும் நகரத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் ஆனேன். ஏர்கான் அறை, தனி மேசை.

அக்காவின் வேலை நாள் முழுவதும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பது. முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நகத்தளவு எலெக்ட்ரானிக் சில்லில் ஒட்டவேண்டும். ஒட்டியதைப் பார்த்து, சரியாக இருந்தால் பாஸ், கோணலாக இருந்தால் ரிஜெக்ட். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால், ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் பேசாமல் படுத்திருப்பாள். அம்மா கொத்தமல்லிக் காபி வைத்துக் கொடுப்பார். அது தலைவலிக்கு நல்லதென்று அம்மாவுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்பக்கம், அடுக்குமாடியில் மூவறை வீடு எங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். அம்மாவும் அக்காவும் காலையில் தமிழ்ப் பூசைக்குப் போவார்கள். அவர்கள் திரும்பி வந்து தோசை ஊற்றும் நேரத்தில் நான் ஆங்கிலப் பூசைக்குக் கிளம்புவேன். கோயில் ஒன்றுதான். பெஞ்சும் அதே பெஞ்சு. அங்கே மல்லிகைப் பூ, பட்டுச்சேலை, ஆர்மோனியம். இங்கே கிதார், பெல்பாட்டம். இரண்டு பூசைக்காரர்களும் திருவிழா அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். என் ஆங்கிலப் பூசைத் தோழர்களில் ஒருவரையும் நான் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. வீடு சின்னது என்று சொல்லிக்கொள்வேன். அவர்களில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டைவிடச் சின்ன வீடு.

எங்கள் குழு மாதம் ஒருமுறை நாலு பக்கச் செய்தித்தாள் ஒன்றை ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுக்கும். கடைசிப் பக்கத்தில் வார்த்தைப் புதிர். இத்தனை எழுத்து இருக்கவேண்டும், அதற்குள் இன்ன இன்ன எழுத்து வரவேண்டும், எத்தனை வார்த்தை கிடைக்கிறது பார் என்று. அதிகம் எழுதியவர் பெயர் அடுத்த மாத இதழில் வரும். அதற்கு மேல் பரிசு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த நாலு பக்கத்தில் பேர் வருவது எங்களுக்கு என்ன பெரிய விஷயமாக இருந்தது என்பதை இப்போது சொன்னால் சிரிப்புதான் வரும்.

ஒரு மாதம், ஆறு எழுத்து, உள்ளே கே, ஆர், டி மூன்றும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் மார்க்கெட், ராக்கெட் என்று ஆறு எழுதிவிட்டு, அலுத்துப்போய்த் தாளைச் சாப்பாட்டு மேசையில் போட்டுவிட்டு எழுந்தேன். அக்கா அதை எடுத்துப் பார்த்தாள்.

"இது என்ன கணக்கு?"

"கணக்கு இல்ல. வார்த்தை." விளக்கினேன். அவளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற நினைப்பு என் குரலில் இருந்திருக்கும். இருந்தது.

அவள் என் ஆறு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். "பேஸ்கெட்ல ஆர் இல்லையே. இது ரிஜெக்ட்."

மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது மேசையில் ஒரு கோடு போட்ட தாள் இருந்தது. அச்சுக் கோத்ததுபோல் சின்னச் சின்ன கேப்பிடல் எழுத்துகளில் முப்பத்தொரு வார்த்தை. ஃபேக்டரியில் பெட்டிகளின் மேல் எழுதுவதற்குப் பழகிய கை. ஒன்றுகூடத் தப்பில்லை. பள்ளியில் பத்து வருடம் ஆங்கிலத்தில் படித்தவள் நான், அதில் ஏழெட்டு வார்த்தையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவள் எப்படிச் செய்தாள் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். தேக்காச் சந்தைப் பக்கம் ஜெபமாலையும் படங்களும் விற்கிற கடையிலிருந்து வாங்கி வந்த ஒரு ஆங்கிலம்-தமிழ் அகராதி எங்கள் வீட்டில் இருந்தது. பழைய காலண்டர் அட்டையில் அவள் ஒரு சின்னச் சன்னல் வெட்டியிருந்தாள். ஆறு எழுத்து உட்காருகிற அகலம். அந்த அட்டையை அகராதிப் பத்தியின் மேல் வைத்து, மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வருவாள். சன்னலை நிறைக்கிற வார்த்தைமேல் மட்டும் கண் நிற்கும். மூன்று எழுத்தும் இருக்கிறதா என்று ஒரு பார்வை. பாஸ், ரிஜெக்ட். எம், டபிள்யூ மாதிரி குண்டு எழுத்து வந்தால் வார்த்தை சன்னலைவிட்டு வெளியே நீளும், ஐ, எல் வந்தால் சுருங்கும், அதற்குக் கொஞ்சம் தாராளம் விடவேண்டும் என்று எனக்கு விளக்கினாள். ஃபேக்டரியில் சில்லை வைத்துப் பார்க்கிற அச்சும் இப்படித்தானாம். ஏழு எழுத்துக்கு ஒரு அட்டை, எட்டுக்கு ஒன்று என்று பிறகு ஒரு உறை நிறைய வைத்திருந்தாள். நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இதுதான் ஓய்வு என்றாள்.

நான் அந்தத் தாளை என் கையெழுத்தில் பெயர்த்து எழுதிக் குழுவில் கொடுத்தேன்.

அடுத்த மாதம் என் பெயர் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தபோது நாலைந்து பேர் முதுகில் தட்டினார்கள். அந்த இதழை மேசையில் போட்டேன். அக்கா என் பெயரின் மேல் விரலை ஓட்டினாள். அவளுக்குச் சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான்.

"நம்ம ரெண்டு பேரு பேரையும் போடக் கேக்கலாமா?"

"மெம்பருங்க பேரு மட்டும்தான் போடுவாங்க."

"ஓ. அப்படியா."

அப்படி ஒரு விதி இல்லை. அந்த நொடியில் நான் உண்டாக்கியது. இதற்கு முன்னால் நான் அக்காவிடம் பொய் சொன்னதில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அதுவும் பொய்.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் நான் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைப்பேன். இரண்டு நாளில் பட்டியல் தயாராக இருக்கும். நான் ஒரு ஆறேழு வார்த்தையை வேண்டுமென்றே விட்டுவிட்டு எழுதுவேன், இல்லாவிட்டால் யாருக்காவது சந்தேகம் வரும். அந்த அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் எனக்கு இருந்தது. குழுவில் என்னிடம் வந்து வார்த்தைக்கு அர்த்தம் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அக்கா மட்டும் அப்படி இல்லை. வார்த்தையைக் கண்டுபிடித்ததோடு விடமாட்டாள். பக்கத்தில் இருக்கிற தமிழ் அர்த்தத்தைப் படித்து வாய்க்குள் இரண்டு முறை சொல்லிக்கொள்வாள். சிலசமயம் என்னைக் கேட்பாள், இதை எங்கே எப்படிச் சொல்வார்கள் என்று. எனக்குத் தெரியாது. "இதெல்லாம் யாரும் யூஸ் பண்றதில்லக்கா" என்பேன். ஒரு வருடத்தில் அவள் தலைக்குள் எத்தனை ஆயிரம் வார்த்தை இருந்தது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அவை எனக்கு வந்துசேரும் வழியாகத்தான் அவளைப் பார்த்தேன்.

அந்த வருடக் கடைசியில் ஃபேக்டரியில் கண் பரிசோதனை வைத்தார்கள். அக்கா எல்லைக்கோட்டில் தேறினாள். அடுத்த முறை தேறாவிட்டால் மைக்ரோஸ்கோப் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாள். அதே சமயத்தில் பங்கு அலுவலகத்தில் இருந்த வயதான அம்மாள் ஓய்வு பெறப் போவதாகப் பேச்சு வந்தது. ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு எழுதவேண்டும். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் தமிழில் பேசவேண்டும், ஏடு எழுதுவதெல்லாம் ஆங்கிலத்தில். அக்காவுக்கு அந்த வேலைமேல் ஆசை வந்துவிட்டது. கண்ணைக் கசக்காத வேலை, நாற்காலியில் உட்கார்ந்து, கோயில் வளாகத்துக்குள்ளேயே.

தமிழ்ப் பூசை முடிந்ததும், ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரை மொழிபெயர்க்கத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவளே ஃபாதரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். ஃபாதருக்குத் தமிழ் தெரியாது. உன் தமிழைப் பற்றிச் சந்தேகமில்லை, ஆங்கிலம் எப்படி என்று கேட்டாராம். பேச வராது, ஆனால் வார்த்தை தெரியும், எழுதுவேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். திருவிழாவில் இளையர் குழு வார்த்தைப் போட்டி நடத்துகிறது, யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம், வா, உன்னைப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அக்காவின் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது. "நெனச்சுப் பாரு, நமக்குத் தெரிஞ்ச போட்டிதான்" என்றாள்.

நமக்கு என்றாள். அவள் ஜெயித்தால் அந்த வார்த்தைகளெல்லாம் யாருடையவை என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் என் முதல் நினைப்பு. அவள் கண்ணைப் பற்றிய நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசை மாறியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

திருவிழா சனிக்கிழமை மத்தியானம். பங்கு மண்டபத்துக்கு வெளியே வடையும் மீ சியாம் சேமியாவும் விற்றுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாற்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். போட்டியை நடத்தியவர் எங்கள் குழுத் தலைவர், ஒரு யுரேஷியப் பள்ளி ஆசிரியர். நான் தாள் கொடுத்து வாங்குகிறவள். ஏழு எழுத்து, உள்ளே எல், என், டி, அரைமணி நேரம், அகராதி கூடாது. தமிழ்ப் பூசைப் பக்கத்திலிருந்து வந்தவள் அக்கா ஒருத்திதான். மண்டபத்தில் அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தமிழ் தெரியாது. நீலச் சேலை கட்டி, முதல் வரிசையில் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். இடையில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டாள். அகராதிப் பக்கங்களைத்தான் புரட்டுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

தாள்களை எண்ணியபோது அடுத்தவருக்குப் பதினான்கு, அக்காவுக்கு இருபத்தாறு.

தலைவர் அவள் தாளை இரண்டு முறை பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "இவங்க உன் அக்காதானே, நீ சொல்லிக் கொடுத்தியா?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். இன்னொருவனும் ஆங்கிலத்திலேயே, "கெனாட் பி லா, பார்த்து எழுதியிருப்பாங்க" என்றான். நான் தலையை ஆட்டினேன், எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல. விஷயம் தலைகீழ், அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்று சொல்ல அதுதான் நேரம். நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தலைவர் நியாயமானவர். யாரையும் சந்தேகப்பட வேண்டாம், முதல் இடத்தில் இருப்பவரிடம் மூன்று வார்த்தைக்கு அர்த்தம் கேட்போம், மூன்றும் சொல்லிவிட்டால் பரிசு அவருக்கே என்றார். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். ஃபாதர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் வார்த்தை லேன்டர்ன். "லேம்ப்" என்றாள் அக்கா. சரி. இரண்டாவது வயலன்ட். கொஞ்சம் யோசித்து, "வெரி ஆங்கிரி, பீட்டிங்" என்றாள். மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது, ஆனால் நல்ல சிரிப்பு. தலைவரும் சிரித்துக்கொண்டே தலையை அசைத்தார். ஃபாதர் கைதட்டினார்.

மூன்றாவது, டென்ட்ரில்.

அக்காவின் முகம் மலர்ந்தது. அவளுக்குத் தெரிந்த வார்த்தை. ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. பிறகு தமிழில் சொன்னாள். "கொடி ஏறுறதுக்குச் சுருள் விடுமே. நம்ம பாகக்கா கொடி கம்பியப் புடிச்சுக்கிட்டு ஏறுதுல்ல, அந்தச் சுருள்." சொல்லிக்கொண்டே சுண்டுவிரலைக் காற்றில் மெதுவாகச் சுருட்டிக் காட்டினாள். எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மா தொட்டியில் வைத்த பாகற்கொடியைத்தான் சொன்னாள். அதைவிடச் சரியாக அந்த வார்த்தைக்கு யாரும் அர்த்தம் சொல்ல முடியாது.

தலைவர் அவள் விரலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "உன் அக்காதானே, என்ன சொல்கிறார்?"

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அது ஒரு காய்கறி என்கிறார், பாகற்காய் என்கிறார் என்று.

யோசித்துச் சொன்னேனா, தானாக வந்ததா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் சொன்னேன். ஒரு நொடி போதும் யோசிப்பதற்கு. அவள் சொன்னதில் பாகற்காய் இருந்தது, ஆகவே அது முழுப் பொய் இல்லை என்றுகூட அந்த நொடிக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

"எ வெஜிடபிள்!" என்று தலைவர் மைக்கில் சொன்னார். மண்டபம் சிரித்தது. இந்த முறை சிரிப்பு வேறு மாதிரி. அக்காவும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். பரிசைப் பதினான்கு எழுதியவருக்குக் கொடுத்தார்கள். ஃபாதர் அக்காவின் தோளைத் தட்டி, பரவாயில்லை, இன்னும் படி என்றார். அலுவலக வேலை அடுத்த மாதம் ஆங்கிலப் பூசைக்கு வருகிற ஒரு பெண்ணுக்குப் போனது. நல்ல பெண்தான். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் உபதேசியாரைக் கூப்பிட்டு அனுப்புவாள்.

அன்று வீட்டுக்கு நடந்தோம். பூக்கடைகளைத் தாண்டினோம். அக்கா கேட்டாள்.

"அவரு ஏன் வெஜிடபிள்னு சொன்னாரு?"

"நீ பாகக்கான்னு சொன்னேல்ல. அதான்."

"அவருக்குத் தமிழ் தெரியாதே."

"தேக்காவுக்கு வர்றவங்கதானேக்கா எல்லாரும். பாகக்கான்னா தெரியாமலா இருக்கும்."

"ஓ" என்றாள். "அப்படியா."

அந்த வாரம் நான் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். ஆங்கிலத்தில்தான். பொய் சொன்னேன் ஃபாதர் என்றேன். எத்தனை முறை என்றார். சில முறை என்றேன். யாரிடம், எதற்காக என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று முறை அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து எழுந்து வந்தேன். ஒரு வேலைபோலச் சுலபமாக முடிந்தது, பாரம் மட்டும் இறங்கவில்லை. சொல்லவேண்டிய இடம் அது இல்லை என்று எனக்கே தெரியும்.

அடுத்த மாதப் புதிரை வழக்கம்போல மேசையில் வைத்தேன். எந்த முகத்தோடு வைத்தேன் என்று கேட்காதீர்கள். இரண்டு நாள், மூன்று நாள், தாள் வைத்த இடத்திலேயே இருந்தது. அம்மா அதன்மேல் சூடான சட்டியை இறக்கி வைத்தார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதியோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது வார்த்தை கிடைத்தது. வேலை அதிகமாகிவிட்டது என்று குழுவில் சொல்லிவிட்டு விலகிக்கொண்டேன். அக்கா என்னிடம் எப்போதும்போலத்தான் இருந்தாள். காலையில் எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டினாள். சண்டை போட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

இரண்டு வருடத்தில் எனக்குக் கல்யாணமாகி, அங் மோ கியோ அடுக்குமாடிப் பேட்டையில் வீடு கிடைத்துப் போய்விட்டேன். அக்கா அடுத்த கண் பரிசோதனையில் தேறவில்லை. அதே ஃபேக்டரியில் பெட்டி கட்டுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலை. மாதத்துக்கு ஒருமுறை நான் வீட்டுக்குப் போவேன், பழம் வாங்கிக்கொண்டு. போகும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்ப்பேன். வீட்டுப் படியேறியதும் குழந்தையைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் அக்காவுக்கு இடது கண் சரியாகத் தெரியவில்லை என்று அம்மா போனில் சொன்னார். அரசாங்க மருத்துவமனையில் நாள் கொடுத்திருந்தார்கள்.

"நான் வரேம்மா. டாக்டர்கிட்ட பேசறதுக்கு ஆள் வேணும்ல."

அம்மா நாளையும் நேரத்தையும் சொன்னார். "சரி, வா" என்றார்.

கண் டாக்டர் இளம் சீனப் பெண். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார், எப்போதிலிருந்து இப்படி, என்ன மாதிரி தெரிகிறது, கேட்டுச் சொல்லுங்கள் என்று. நான் அக்காவிடம் தமிழில் கேட்டேன். அக்கா தமிழில் சொன்னாள். "நேர்க்கோடு வளைஞ்ச மாதிரி தெரியுது. போன தீபாவளிக்கு முன்னாலேயே ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல ஒரு எடத்துல ஒண்ணுமே தெரியல."

நான் டாக்டரிடம் திரும்பி வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுத்திப் பிடிக்கவில்லை. கையை வைத்தாள், அவ்வளவுதான்.

"இரு" என்றாள் என்னிடம். பிறகு டாக்டரைப் பார்த்து, "டாக்டர், ஐ வில் டெல் யூ மைசெல்ஃப்" என்றாள்.

அதன்பின் அவள் சொன்னதெல்லாம் ஆங்கிலம். மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, ஆனால் எங்கும் தடுமாறவில்லை. கோடு வளைவது, நடுவில் மறைவது, எத்தனை வருடம் மைக்ரோஸ்கோப்பில் வேலை பார்த்தாள், எந்த வெளிச்சத்தில் வலிக்கிறது, எல்லாம். டாக்டர் என்னை மறந்துவிட்டு அவளிடமே கேள்வி கேட்க ஆரம்பித்தார். பரிசோதனை செய்யவேண்டும், கூட வந்தவர் வெளியே இருக்கலாம் என்றார். நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொட்டு மருந்து ஊற்றியிருந்ததால் கண்ணில் நீர் வழிந்தது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டாள். இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார், வலது கண் நன்றாகவே இருக்கிறதாம் என்றாள்.

"இங்கிலீஷ் எப்பக்கா கத்துக்கிட்டே?"

"வேலை முடிஞ்சு கிளாஸுக்குப் போனேன். நாலு வருஷம். தொழிலாளிங்களுக்குன்னு நடத்தறாங்கல்ல, அது."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். உங்கிட்ட சொல்ல வேணாம்னு நான்தான் சொன்னேன்."

நாலு வருடம். நான் மாதாமாதம் பழம் வாங்கிக்கொண்டு போன நாலு வருடம். ஏன் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை. பஸ்ஸில் ஒத்திகை பார்த்த அழகான பேச்சு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"அக்கா, அன்னிக்குத் திருவிழாவுல நீ சொன்ன அர்த்தம் சரி. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அக்கா கைக்குட்டையை மடித்தாள்.

"தெரியும். நான் பக்கத்துலதானே நின்னேன். வெஜிடபிள் தெரியாதா எனக்கு?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டேனே. வீட்டுக்கு வரும்போது கேட்டேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். ரொம்ப நாள் இருந்தேன். அப்புறந்தான் கிளாஸுல போய்ச் சேந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். அழுதேனா என்று சரியாக நினைவில்லை, அழுதிருப்பேன். அவள் என்னைத் தேற்றவுமில்லை, திட்டவுமில்லை. மருந்து கொடுக்கிற இடத்தில் அவளுடைய எண்ணை ஆங்கிலத்தில் கூப்பிட்டார்கள். பழக்க தோஷத்தில் சீட்டை வாங்கிக்கொண்டு போக நான் கையை நீட்டி எழுந்தேன்.

"நீ உக்காரு" என்றாள் அக்கா. சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டு, அவளே நடந்து போனாள்.